வாலில் முளைத்த கேள்விக்குறி

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாம் என்று ‘ஃபெலைன் ஃபாலிஸ்’ படத்தைப் போடுகிறவர்கள் கடைசிக் காட்சியில் திகைத்துப்போவார்கள். மாஸ்டர் டாம் என்ற கறுப்புப் பூனை, காவல் காக்க வேண்டிய வீட்டை மறந்துவிட்டுக் காதலியைத் தேடிப் போகிறது. அந்த நேரத்தில் எலிகள் வீட்டைச் சூறையாடிவிடுகின்றன. டாமை வீட்டை விட்டு விரட்டிவிடுகிறார்கள். சரி, காதலியாவது இருக்கிறாளே என்று போனால், அங்கே ஒரு கூட்டம் குட்டிகள்! டாம் நேரே எரிவாயு ஆலைக்குப் போய், வாயுவைக் குடித்து உயிரை விட்டுவிடுகிறது.

இது 1919 நவம்பரில் வந்த படம். செத்துப்போன அந்தப் பூனை அடுத்த மாதமே ஃபெலிக்ஸ் என்ற பெயரோடு எழுந்து வந்தது. அதன் பிறகு சுமார் பத்தாண்டுகள் கார்ட்டூன் உலகில் அதுதான் ராஜா.

அது பிறந்தது அவசரத்தில். பாரமவுண்ட் நிறுவனம் தன் திரை மலருக்கு ஒரு சின்னக் கார்ட்டூன் கேட்டது. நியூயார்க்கில் ஸ்டுடியோ நடத்திவந்த ஆஸ்திரேலியக்காரர் பேட் சல்லிவன் அந்தப் பொறுப்பைத் தம் ஊழியர் ஓட்டோ மெஸ்மரிடம் தள்ளிவிட்டார். ஸ்டுடியோ வேலை போக மிஞ்சிய நேரத்தில் மெஸ்மர் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார். பூனை ஏன் கறுப்பு என்பதற்கு அவர் பிற்காலத்தில் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: மையை அப்பிவிட்டால் கோடுகள் மிச்சம். நூற்றுக்கணக்கான படங்களைக் கையால் வரைகிறவனுக்குத்தான் அந்த மிச்சத்தின் அருமை தெரியும்.

ஆனால் மை அப்பிய எல்லாப் பூனையும் ஃபெலிக்ஸ் ஆகிவிடாது. அதன் தனிச்சொத்து யோசனை. வழியில் ஒரு தடை வந்தால் போதும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடும். கதை அதற்காகக் காத்திருக்கும், நாமும் காத்திருப்போம். பிறகு வால் கேள்விக்குறியாக வளையும். அந்தக் கேள்விக்குறியே கழன்று கொக்கியாகிவிடும், காரியமும் முடிந்துவிடும். பேச்சில்லாத படத்தில் மனதைக் காட்ட உடம்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அந்த உடம்பு மொழியை மெஸ்மர் கற்றது சார்லி சாப்ளினிடம். ஃபெலிக்ஸுக்கு முன்பே சல்லிவன் ஸ்டுடியோ சாப்ளினை வைத்துக் கார்ட்டூன்கள் எடுத்தது. அவற்றுக்காக மெஸ்மர் சாப்ளினின் ஒவ்வொரு அசைவையும் கூர்ந்து பார்த்து வரைந்திருந்தார்.

1922இல் மார்கரெட் விங்க்லர் என்ற பெண்மணி விநியோகத்தை ஏற்றபின் ஃபெலிக்ஸின் புகழ் கடல் தாண்டியது. பில் நோலன் என்ற ஓவியர் பூனையின் மூலை முடுக்குகளை வழித்து உருண்டையாக்கினார். 1928இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சியைச் சோதித்துப் பார்த்தபோது, கேமரா முன் சுழன்றுகொண்டிருந்தது ஒரு ஃபெலிக்ஸ் பொம்மை. படங்களில் மட்டும் ஒரே பெயர்: பேட் சல்லிவன். ஸ்டுடியோ முதலாளியின் பெயர் போடுவது அன்றைய வழக்கம். மெஸ்மரும் வாய் திறக்கவில்லை.

அந்த 1928இலேயே மிக்கி மவுஸ் ஒலியோடு வந்து நின்றது. சல்லிவன் தயங்கினார். பழைய ஃபெலிக்ஸ் படங்களுக்குப் பின்னர் சத்தம் சேர்த்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. நின்று யோசிக்கும் பூனைக்குப் பின்னணியில் ஓயாத கூச்சல் எதற்கு? 1933இல் சல்லிவன் இறந்தார், ஸ்டுடியோவும் மூடப்பட்டது. மெஸ்மர் பிற்பாடு டைம்ஸ் சதுக்கத்து மின்விளக்கு விளம்பரங்களுக்குப் படம் வரைந்தார். 1970களில்தான், கார்ட்டூன் வரலாற்றாசிரியர் ஜான் கேன்மேக்கர் போன்றவர்கள் தேடிப் போய்ப் பேசிய பிறகு, ஃபெலிக்ஸைப் படைத்தவர் என்று அவருடைய பெயர் பரவலாக வெளியே வந்தது.

ஃபெலிக்ஸைப் படைத்தது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முதல் படத்தில் வரும் எழுத்துகள் சல்லிவனின் கையெழுத்து என்று ஆஸ்திரேலியாவில் வாதாடுகிறார்கள். இருக்கட்டும். எழுத்தை ஸ்டுடியோவில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொடுத்திருக்கலாம். சாப்ளினை அணு அணுவாக வரைந்து பழகிய ஒரு கை மட்டுமே அந்தக் கைகட்டிய நடையை வரைந்திருக்க முடியும் என்பது என் கட்சி.