பதினான்கு நாளும் ஒரு நாடும்

பயணம் என்பது வீட்டை விட்டுப் புறப்படும் நாளில் தொடங்குவதன்று. நிலப்படத்தை மேசைமேல் விரிக்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. வழியில் நேரும் இன்பங்களும் இன்னல்களும் பெரும்பாலும் அந்த மேசையருகிலேயே விதைக்கப்பட்டவை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை படை நடத்தும் அரசர்க்கென உரைக்கப்பட்டவை. ஆயினும், இரண்டு பிள்ளைகளையும் முதிய தாயையும் அழைத்துக்கொண்டு வேற்று நாட்டுக்குச் செல்ல எண்ணும் ஒரு குடும்பத் தலைவனுக்கும் அம்மூன்றும் வேண்டற்பாலனவே.

சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஸ்பெயின் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதென முடிவு செய்தது. தந்தை, தாய், பதினாறு அகவை மகள், பத்து அகவை மகன், எழுபதைக் கடந்த பாட்டி என ஐவர். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மகள் அடுத்த ஆண்டு மேற்படிப்புக்குச் செல்ல இருந்தாள். பாட்டிக்கோ முழங்கால் வலி ஆண்டுக்கு ஆண்டு மிகுந்து வந்தது. ஐவரும் ஒன்றாகச் செல்லும் நீண்ட பயணம் இனி ஒன்று வாய்க்குமா என்னும் எண்ணம் எல்லாருடைய உள்ளத்திலும் இருந்தது. எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தந்தை ஒரு வாரம் இரவு தோறும் அமர்ந்து முதல் திட்டத்தை எழுதினார். மாட்ரிட், செகோவியா, டொலேடோ, கோர்டோபா, செவில், மாலகா, கிரனாடா, வலென்சியா, பார்சலோனா, பில்பாவ், சந்தியாகோ எனப் பதினோர் ஊர்கள் அதில் இடம்பெற்றிருந்தன. இத்துணைத் தொலைவு செல்பவர்கள் எதையும் விட்டுவிட்டு வரலாகாது என்பது அவருடைய கருத்து. தாய் அத்தாளை வாங்கிப் படித்தார். ஊர்களை அவர் எண்ணவில்லை. பெட்டிகளை எத்தனை முறை கட்டி அவிழ்க்க வேண்டும் என்பதை எண்ணினார். பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் சென்று, "நீங்கள் நால்வரும் போய் வாருங்கள், தம்பி. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். என் காலை வைத்துக்கொண்டு உங்கள் காலையும் கட்டிப்போட எனக்கு மனமில்லை," என்றார்.

அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. மிக இயல்பாகவே சொன்னார். அதுதான் அனைவரையும் தைத்தது. அன்றிரவே தந்தை அத்தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாளை எடுத்தார். 'எதையெல்லாம் பார்க்கலாம்' என்னும் கேள்வி அன்றோடு நின்றது. 'ஐவரும் சேர்ந்து எதைப் பார்க்க முடியும்' என்னும் கேள்வி எழுந்தது.

முதலில் இடத்தை அறிய வேண்டியிருந்தது. சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். ஸ்பெயினின் பரப்போ ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஏறத்தாழ 700 மடங்கு. ஒரு மணி நேரத்தில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று பழகிய குடும்பத்திற்கு இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது எளிதன்று. படத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. நிலத்தில் அது அரைநாள் பயணம். சந்தியாகோ வடமேற்கு மூலையில் இருக்கிறது. கிரனாடா தெற்கே இருக்கிறது. பார்சலோனா வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. மூன்றையும் ஒரே கோட்டில் இணைப்பவர் நாட்டைப் பார்ப்பதைவிட வண்டியின் சன்னலையே மிகுதியாகப் பார்ப்பார்.

அந்நாட்டின் அமைப்பே இதற்கு ஒரு வழியையும் காட்டுகிறது. 1561-இல் இரண்டாம் பிலிப் மன்னர் தம் அரசவையை நாட்டின் நடுவே இருந்த மாட்ரிட்டுக்கு மாற்றினார். இன்று இருப்புப்பாதைகள், சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரங்கள் பிரிவதுபோல், அந்நகரிலிருந்து பிரிந்து செல்கின்றன. மாட்ரிட்டுக்கும் செவிலுக்கும் இடையே அதிவேக இரயில் 1992-இல் ஓடத் தொடங்கியது. பார்சலோனா வரை 2008-இல் நீண்டது. 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை இரண்டரை மணி நேர அளவில் கடக்கலாம். ஆதலால் பதினோர் ஊர்களில் தங்குவதை விடுத்து, நான்கு ஊர்களில் மட்டும் தங்கி, அருகிலுள்ளவற்றைப் பகலில் சென்று பார்த்துத் திரும்புவதென இரண்டாம் திட்டம் அமைந்தது. மாட்ரிட்டில் நான்கு இரவுகள். செவில், கிரனாடா, பார்சலோனா ஆகியவற்றில் மும்மூன்று இரவுகள். ஆகப் பதின்மூன்று இரவுகள். பெட்டி நான்கு முறைதான் அவிழ்க்கப்படும்.

அடுத்தது காலம். வெப்ப நாட்டில் பிறந்தவர்க்கு வெயில் ஒரு பொருட்டா எனத் தோன்றலாம். ஆனால் ஸ்பெயினின் தென்பகுதி வெயில் வேறு வகையானது. 2021 ஆகஸ்டு 14-ஆம் நாள் கோர்டோபா மாவட்டத்தைச் சேர்ந்த லா ரம்ப்லா என்னும் ஊரில் 47.6 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. ஜூன் மாதத்திலேயே அங்குச் சில நாள்களில் 40 பாகையை எட்டுவதுண்டு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வியர்வை உடலில் தங்கி எச்சரிக்கை செய்யும்; அவ்வறண்ட காற்றிலோ வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் நீர் குறைவதே தெரியாது. முதியோருக்கும் சிறுவர்க்கும் இது இடர் தருவது.

அந்நாட்டு மக்கள் இவ்வெயிலோடு போரிடுவதில்லை. அதற்கு ஏற்பத் தம் நாளை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பது மணிக்கு மேல். சிறிய கடைகள் பல பிற்பகலில் மூடிக் கிடக்கும். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரிட்டனின் தீர்க்கரேகைகளை ஒட்டி அமைந்திருந்தும், 1940 முதல் அந்நாடு நடு ஐரோப்பிய நேரத்தையே பின்பற்றி வருகிறது. அதனால் ஜூன் மாதத்தில் மாட்ரிட்டில் ஞாயிறு மறைய இரவு ஒன்பதே முக்கால் மணி ஆகிவிடும். இதை அறிந்த பின்னர் குடும்பத்தின் நாளும் அவ்வாறே வகுக்கப்பட்டது. காலையில் வெளியே உலாவுதல். நண்பகலுக்குப் பின் அறையில் உறக்கம். மாலை ஆறு மணிக்கு மேல் மீண்டும் தெருவுக்கு வருதல். பாட்டிக்கென ஓய்வு ஒன்றைத் தனியே ஒதுக்க வேண்டிய தேவையே எழவில்லை. அந்நாடே பாட்டியின் நடைக்கு இசைந்திருந்தது.

கிழமையையும் பார்க்க வேண்டியிருந்தது. எல் எஸ்கோரியல் அரண்மனை மடம் திங்கட்கிழமையில் மூடப்பட்டிருக்கும். மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையில் மூடப்பட்டிருக்கும். மகள் காண விழைந்த முதற்பொருள் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருந்தது. 1937 ஏப்ரல் 26-ஆம் நாள் குண்டுவீச்சால் அழிந்த கெர்னிக்கா என்னும் ஊரின் துயரைப் பிக்காசோ தீட்டிய பேரோவியம் அது. ஸ்பெயினில் மக்களாட்சி மீண்ட பின்னர், 1981-இல்தான் அது அந்நாட்டுக்கு வந்தது. நாளை மாற்றி அமைத்திருந்தால் அவள் பூட்டிய கதவைத்தான் கண்டிருப்பாள். ஆதலின் ஞாயிறன்று சென்று சேர்வது, திங்களன்று ஓவியக்கூடங்கள், செவ்வாயன்று டொலேடோ, புதனன்று எஸ்கோரியல் என வரிசை அமைந்தது.

கிரனாடாவின் அல்கம்பிரா அரண்மனையோ இன்னும் கண்டிப்பானது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரையறை உண்டு. நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டில் குறித்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டில் பெயர் பொறிக்கப்படும். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கோடையில் பல வாரங்களுக்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துபோகும். ஆகவே வானூர்திச் சீட்டு வாங்கியதும் அடுத்து வாங்க வேண்டியது இதுவே எனத் தந்தை குறித்துக்கொண்டார்.

மூன்றாவதாக வலி. ஒரு குடும்பத்தின் வலிமை அதன் வலியவரால் அளக்கப்படுவதன்று, மெலியவரால் அளக்கப்படுவது. இதை மனத்தில் கொண்டு தேடியபோது எதிர்பாராத செய்திகள் கிடைத்தன. செவில் நகரின் பேராலயத்தை அடுத்து நிற்கும் ஹிரால்டா கோபுரம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. முதியோர்க்கு அது ஆகாது என முதலில் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அக்கோபுரத்தின் உள்ளே பெரும்பாலும் படிகள் இல்லை. சரிவுப் பாதைகளே மேலேறிச் செல்கின்றன. பள்ளிவாசலின் கோபுரமாக இருந்த நாளில், தொழுகைக்கு அழைப்பவர் குதிரையேறிச் செல்வதற்காக அவ்வாறு கட்டினர் என்பர். இதைக் கேட்ட பாட்டி, "குதிரைக்கு ஏற்றது கிழவிக்கும் ஏற்கும். முடிந்த வரை ஏறுகிறேன், முடியாத இடத்தில் சன்னலோரம் நிற்கிறேன்," என்றார். அன்றுதான் முதன்முறையாக அவர் தம்மையும் பயணிகளுள் ஒருவராக எண்ணிப் பேசினார்.

உணவும் வலியறிதலில் அடங்கும். பாட்டி ஊன் உண்ணாதவர். அந்நாட்டில் காய்கறி உணவின் மேலும் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவதுண்டு. ஆதலால் 'இறைச்சி வேண்டா' எனச் சொல்லும் ஸ்பானிய வாக்கியத்தைக் கற்கும் பொறுப்பு மகனிடம் விடப்பட்டது. கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைக்கும் செவில் நகரத்து உணவையும், தக்காளியை அரைத்துக் குளிர வைத்த கஸ்பாச்சோவையும் தாய் குறித்து வைத்தார். சிறுவனுக்குக் கைம்மாறாக மாட்ரிட்டின் பெர்னாபேவு காற்பந்து அரங்கம் ஒரு முற்பகலைப் பெற்றது.

பாட்டி ஒருநாள் மகளிடம், "அவ்வளவு தொலைவில் நமக்கு உரியதென்று ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். பாட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே மகள் கண்டெடுத்த விடை வியப்புக்குரியது. இந்தியாவில் தோன்றிய எண் வடிவங்கள் அரபு அறிஞர்களின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றன. அவ்வெண்கள் ஒன்பதையும் தாங்கி, மேலை ஐரோப்பாவில் எழுதப்பட்ட இலத்தீன் சுவடிகளுள் மிகப் பழையது 976-ஆம் ஆண்டில் வடக்கு ஸ்பெயினின் ஒரு மடத்தில் எழுதப்பட்டது. சுழியம் அதில் இல்லை. அச்சுவடி இன்று எஸ்கோரியல் நூலகத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் முசுலிம்கள், யூதர், கிறித்தவர் ஆகியோரின் அறிவு ஒன்று கூடி, அரபு நூல்கள் பல இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. அதே நாட்டில் 1492-இல் கிரனாடா வீழ்ந்ததும், யூதர்கள் நாடு கடத்தப்பட்டதும் வரலாறே. கோர்டோபாவில் எட்டாம் நூற்றாண்டில் எழுந்த பள்ளிவாசலின் தூண்காட்டினுள், பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பேராலயம் செருகப்பட்டு நிற்பதை இன்றும் காணலாம். சேர்ந்து வாழ்ந்ததன் சிறப்பையும், பிரிந்ததன் இழப்பையும் ஒரே நாட்டில் காணவிருந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடநூல் எது?

ஏற்றதற்கு ஈடாக விட்டதும் உண்டு. செகோவியாவில் உரோமர் சாந்து இன்றிக் கற்களை அடுக்கிக் கட்டிய நீர்ப்பாலம் நீங்கியது. மாலகாவும், பில்பாவும், சந்தியாகோவும் நீங்கின. தந்தைக்கு மிகுந்த ஏக்கத்தைத் தந்தது வலென்சியா. அங்கே வியாழன் தோறும் நண்பகலில், பேராலயத்தின் வாயிலில், உழவர்களே நடுவராக அமர்ந்து வாய்க்கால் நீர் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். எழுத்தாவணம் எதுவுமின்றி வாய்மொழியாகவே நடைபெறும் அம்மன்றத்தை யுனெஸ்கோ 2009-இல் மரபுச் செல்வமாக ஏற்றது. உழவர் குடியில் பிறந்த அவருக்கு அதைக் காண வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. ஆனால் அந்த வியாழனன்று அவர்கள் காலை இரயிலில் கோர்டோபா சென்று, பள்ளிவாசலின் நிழலில் முற்பகலைக் கழித்துவிட்டுச் செவிலுக்குச் செல்ல வேண்டும். வலென்சியாவைச் சேர்த்தால் ஐந்தாவது முறையாகப் பெட்டி கட்ட வேண்டும். கிரனாடாவில் ஒரு நாள் குறையும். தந்தை தாமே அவ்வூரின் பெயரைக் கோடிட்டு அடித்தார். எவரும் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

திட்டமிடுதல் என்பதைச் சேர்ப்பதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது எதைக் குறைப்பது, எவருக்காகக் குறைப்பது எனத் தெளிவதாகும். பள்ளியில் பாடம் வகுப்போரும் இதை அறிவர். பின்தங்கிய மாணவனை விட்டுவிட்டு முடிக்கப்படும் பாடம் முடிந்த பாடமன்று. ஊரொன்றை விட்டால் அது அங்கேயே இருக்கும். மற்றோர் ஆண்டில் மற்றொருவர் சென்று காணலாம். உடன் வர வேண்டியவரை விட்டுவிட்டால் அவ்விடத்தை எந்த ஊராலும் நிரப்ப இயலாது.

அல்கம்பிராவின் அனுமதிச் சீட்டுக்காகக் கடவுச்சீட்டுகள் ஐந்தும் மேசைமேல் அடுக்கப்பட்டன. பெயர்களைப் பதிவு செய்ய அமர்ந்த மகள், எவரையும் கேளாமல், பாட்டியின் பெயரையே முதலில் எழுதினாள்.