எண்ணெய் குடித்த வண்டி

கெலுகோரில் நமது வீட்டு வாயிலில் பழைய புரோட்டோன் சாகா வண்டியொன்று நிற்கின்றது. கெடாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நமது தந்தையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. முதல் சாகா வெளிவந்தது 1985-ஆம் ஆண்டு. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டே. தீவில் அப்பாலம் கரையேறுமிடம் நமது கெலுகோர். பாலத்தைப் பழுதுபார்க்க நிறுவனம் உண்டு. வண்டிக்கோ நாமே கதி.

அந்தக் கடமையில் நாம் தவறினோம். ஒரு நாள் காலை வண்டியைக் கிளப்பியதும் பின்குழாயிலிருந்து நீலப்புகை எழுந்தது. என்ஜின் எண்ணெயின் அளவுகோலை உருவினோம். நுனியில் மட்டுமே ஈரம். அதனை முன்பு எப்போது உருவினோம் என்பதே நினைவில் இல்லை.

பட்டறைக்காரர் ஒருவர் புகையைக் கண்டவுடன், “பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும்” என்றார். அவர் கேட்ட தொகை வண்டியின் விலையினும் அதிகம். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமென்று வீட்டில் முடிவு செய்தோம். தந்தையார் மறுக்கவில்லை. ஒரு குறிப்புப் புத்தகத்தை மட்டும் நம்மிடம் நீட்டி, “நிறுக்காத பாலுக்குக் கணக்கு ஏதப்பா? எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தாயா?” என்றார். நாம் தலைகுனிந்தோம்.

அன்று முதல் அளந்தோம். சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின் மேற்குறி வரையில் எண்ணெய் ஊற்றி, ஓடிய தூரத்தைக் குறித்தோம். இரவில் வண்டிக்கடியில் அட்டை விரித்தோம், ஒழுக்கு இல்லை. ஆயிரம் கிலோமீட்டரில் குறைந்தது அரை லிட்டர்.

அடுத்து, புகை எழும் நேரத்தைக் கவனித்தோம். வளையம் தேய்ந்த வண்டி, விசை கொடுத்து மேடேறுகையில் விடாது புகையும். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிய வண்டியோ, இரவெல்லாம் நின்று காலையில் கிளம்பும்போதும், நீண்ட இறக்கம் இறங்கி மீண்டும் மிதிக்கும்போதும் புகைந்து அடங்கும். பாயா தெருபோங் மேட்டில் ஏற்றினோம், புகையில்லை. இறங்கி மிதித்தோம், எழுந்தது.

வேறொரு சிறு பட்டறையில், ஸ்பார்க் பிளக் துளையில் மானி வைத்து அமுக்கம் பார்த்தனர், சரியாகவே இருந்தது. துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மறுமுறை பார்த்தனர். வளையம் தேய்ந்திருந்தால் அளவு நன்றாக உயர்ந்திருக்கும், உயரவில்லை. ஆகவே குற்றவாளி, வெப்பத்தில் இறுகிய விரல்நுனியளவு ரப்பரே! தலைப்பாகத்தைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளைத் தாங்கிப் பிடித்துச் சீல்களை மாற்றினர். என்ஜினின் ஆவியை வெளியேற்றும் அடைபட்ட வால்வையும் புதுப்பித்தனர். முதலில் கேட்ட தொகையில் மிகச் சிறு பங்கே செலவாயிற்று.

தடித்த எண்ணெய் ஊற்றினால் போதுமென்றார் நண்பர் ஒருவர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. வளையமே தேய்ந்திருந்தால் என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும்; ஆனால் அதைச் சொல்ல வேண்டியது சோதனை, அச்சமன்று.

தோழர்களே! வாரம் ஒருமுறை அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் வற்றிய என்ஜின் எச்சரித்துக்கொண்டே இராது. ஒரு நாள் இறுகி நின்றுவிடும். யார் எத்தொகை கேட்பினும், அளந்து அறிந்தபின் கொடுங்கள்.

தந்தையாரின் குறிப்புப் புத்தகம் இன்று வண்டியிலேயே இருக்கின்றது. பிந்திய பக்கங்களில் எழுத்து நம்முடையது, பழக்கம் அவருடையது.