பாகூர் அக்கா வயலில் ஒரு குழாய்

பொங்கல் கழிந்த வாரம், குழந்தைகளுடன் பாகூருக்குக் கிளம்பினேன். பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அதன் பக்கத்தில்தான். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி, கிருமாம்பாக்கத்தில் திரும்பினால் இரு பக்கமும் பச்சை. புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம் என்றால் பாகூர்தானே!

அக்கா முதலில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். ஊசுடு ஏரிக்கு அடுத்தபடி புதுச்சேரியில் பெரிய ஏரி இது. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைச் செலவழித்து அதை வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கேட்கவே பெருமையாக இருந்தது.

"ஏரி ரொம்பித்தானே இருக்கு, உங்களுக்கு என்னக்கா கவலை?" என்றேன்.

"ஏரி ரொம்புறது நாலு மாசம்டி. மீதிக்கு போர்தானே! ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? 2024 நவம்பர் 30. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் வேறு. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, இல்லாவிட்டால் மாதக் கணக்கில் காய்கிறது. எல்லாரும் போரிலேயே இறைக்க, நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. கடலோரக் கிராமங்களில் உப்பு நீர் உள்ளே வருகிறது. அக்கா வீட்டில் காபியே லேசாகக் கரித்தது.

அப்போதுதான் கவனித்தேன், அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். போரை இன்னும் ஆழப்படுத்த இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது.

"இனிமே அடகு வைக்க நகையும் இல்ல, மண்ணுக்குள்ள தண்ணியும் இல்ல. அதான் இந்த வேலை பண்ணேன்" என்று வயலுக்குக் கூட்டிப் போனாள்.

நெல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய்! ஒரு அடி நீளம், அடிப் பாதியில் சுற்றிலும் ஓட்டைகள். அந்த ஓட்டைப் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மேல்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கினால்தான் மோட்டார் போட வேண்டும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. நம் ஊரில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்கிறார்கள். குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனபோது கேட்டு வந்தாளாம்.

மாமா முதலில் ஒப்பவில்லை. "வயல்ல தண்ணி நிக்கலன்னா நாலு பேர் சிரிப்பாங்க" என்றாராம். "அரை ஏக்கர் எனக்கு விடுங்க, மீதி உங்க இஷ்டம்" என்றிருக்கிறாள் அக்கா. அறுவடையில் மூட்டைக் கணக்கில் வித்தியாசமே இல்லை. மோட்டார் ஓடிய நேரம் மட்டும் குறைவு. இந்தப் போகம் முழு வயலிலும் குழாய்!

ஒரு கிலோ நெல் விளைய சராசரி 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இந்த முறையில் பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மின்சாரமும் மிச்சம். எப்போதும் நீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறது. இடையிடையே காயவிட்டால் அதுவும் குறைகிறது. ஆனால் கவனம்: நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயமும் வயலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். முதலாவது களைக்காக, இரண்டாவது மணி பிடிக்க.

சகோதரிகளே, நமக்கு வயல் இல்லாமல் இருக்கலாம். அரிசி களைந்த நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமே! தொட்டி மண்ணில் விரல் விட்டு, ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அக்காவின் குழாயும் அதே விரல்தான்.

கிளம்பும்போது, "சங்கிலி எப்போக்கா திரும்பும்?" என்றேன்.

"அது மெதுவா வரட்டும்டி. இந்த வருஷம் போர் இன்னும் கீழ போகல. அது போதும்" என்றாள்.