வயதும் தசையும்

முப்பதைத் தாண்டியதுமே தசை மெல்லக் குறையத் தொடங்கும்.
அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடும்.
மருத்துவம் இதை சார்கோபீனியா என்கிறது.

நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும்.
படியேறும்போது கை கைப்பிடியைத் தேடும்.
கவனிக்காமல் விட்டால் ஒருநாள் விழவும் நேரலாம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

காலை நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது.
தசைக்கு அது மட்டும் போதாது.
65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, 2 நாளாவது தசைப் பயிற்சியும் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் தசைப் பயிற்சிதான்.

"இந்த வயசுல எதுக்கு?" என்ற கேள்விக்கு 1990லேயே பதில் வந்துவிட்டது.
அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் காலால் எடை தூக்கிப் பழகினார்கள்.
முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது!

அடுத்தது சாப்பாடு.
முதியவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 60 கிராமாவது.
கஞ்சியும் ரசம் சாதமும் அதைத் தராது.
ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. சுண்டல், பருப்பு, தயிர், மீன் எல்லாம் கைகொடுக்கும்.
சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கை ஊன்றாமல் எழுகிறாரா?