மன்னிக்கத் தெரிந்த ஸ்கீ

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்கீ வாங்குவதைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் டிசம்பர் பள்ளி விடுமுறையில், சாங்கி விமான நிலையத்தில் சப்போரோ விமானத்துக்கு நிற்கும் வரிசையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். முதல் பயணத்தில் பனியைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வோம். இரண்டாவதில் சறுக்கக் கற்போம். நான்காவது, ஐந்தாவது பயணத்தில், வாடகை ஸ்கீயோடு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறதே, சொந்தமாக ஒரு ஜோடி வாங்கினால் என்ன என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியபோது வயது 52.

நாங்கள் போவது ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்கு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து அங்கே பனியாகக் கொட்டுகிறது. இரவில் விழுந்த மாவு போன்ற பனியைக் காலையில் பலர் சறுக்கிக் கிளறியதும், அது மேடும் பள்ளமுமாகிவிடும். பக்கத்திலேயே இயந்திரத்தால் சமப்படுத்திய பாதையும் இருக்கும். ஒரே நாளில் இவை எல்லாவற்றிலும் ஓடக்கூடியதைத்தான் 'ஆல் மவுண்டன்' ஸ்கீ என்கிறார்கள்.

எனக்குப் பச்சைச் சரிவுகள் பழகிவிட்டன. அடுத்த நிலையான சிவப்புச் சரிவுகளில் தட்டுத்தடுமாறி இறங்குவேன். கறுப்புப் பக்கம் போவதில்லை. மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி லேசாக வலிக்கும். "முட்டி போயிடுச்சுன்னா அப்புறம் எல்லாத்துக்கும் நான்தான் ஓடணும்," என்றார் மனைவி. மகளுக்கு 17 வயது. சரிவில் என்னைத் தாண்டிப் போகும்போதே, "அப்பா, மெதுவா வாங்க, லிஃப்ட் கிட்ட நிக்கிறேன்," என்று குரல் கொடுப்பாள். பல்கலைக்கழகம், வேலை என்று அவள் போய்விட்டால், குடும்பமாகச் செல்லும் குளிர்காலம் இன்னும் எத்தனை கிடைக்கும்? எனக்கு வேகம் வேண்டாம். காத்து நிற்கும் அவளிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

என்னைப் போன்றவர்களுக்குக் கடைக்காரர்கள் 'ஃபர்கிவிங்' ஸ்கீயைப் பரிந்துரைப்பார்கள். அதாவது, மன்னிக்கும் ஸ்கீ. அது எதை மன்னிக்கிறது? சரிவு செங்குத்தானதும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். எடை பின்னால் போனால் ஸ்கீயின் முன்பகுதி பிடிமானம் இழக்கும். விறைப்பான ஸ்கீ திரும்ப மறுத்து நேராகப் பாயும். வேகம் கூடும், பயமும் கூடும். வளைந்துகொடுக்கும் ஸ்கீயோ, மெதுவாகப் போகும்போதும் நம் எடைக்கே வளைந்து திரும்பும். முனையும் வாலும் சற்றே மேல்நோக்கி எழும்பியிருந்தால் திருப்பத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் எளிது. தவறு நடந்தது காலுக்குத் தெரியும். ஆனால் திருத்திக்கொள்ள அரை நொடி கிடைக்கும். அந்த அரை நொடியில்தான் நாம் கற்றுக்கொள்கிறோம்.

மலையடிவாரத்தில் வசிப்பவர் ஒரே பருவத்தில் முப்பது நாள் சறுக்கலாம். விறைப்பான ஸ்கீயை வாங்கி, அதற்கேற்பத் தன்னைத் தேற்றிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கிறது. எனக்கு ஆண்டுக்கு ஆறு நாள்தான். அவருடைய ஒரு பருவத்தை நான் எட்ட ஐந்து ஆண்டு ஆகும். 'நன்றாகக் கற்ற பிறகு உதவும்' என்று வாங்கினால், அந்த நாள் வருவதற்குள் முட்டிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்துவிடும். நண்பர் ஒருவர் நிபுணர்களுக்கான ஜோடி ஒன்றை வாங்கி, ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். இப்போது அது அவருடைய வீவக வீட்டின் சாமான் அறையில் நிற்கிறது. அவர் சறுக்கப் போவதையே விட்டுவிட்டார்.

வாங்கும்போது முதலில் நடு அகலத்தைப் பாருங்கள். காலணிக்குக் கீழே 80 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் சமப்படுத்திய பாதைக்கானவை. 100க்கு மேற்பட்டவை ஆழ்ந்த பனியில் மிதக்கும். ஆனால் அகலம் கூடக்கூட, கெட்டிப் பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்ற முட்டிக்கு வேலை அதிகம். நான் 88ஐத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து, பெயரின் முடிவில் 'டிஐ' என்ற எழுத்துகள் இருந்தால் உள்ளே டைட்டானல் தகடு இருக்கிறது என்று பொருள். டைட்டானியம் என்று எண்ணிவிடாதீர்கள், அது அலுமினியக் கலவை. வேகத்தில் ஸ்கீ அதிராமல் காக்கும். கூடவே விறைப்பும் எடையும் வரும். நான் தகடு இல்லாத, மரக்கட்டையை உள்ளீடாகக் கொண்ட ஜோடியை எடுத்தேன். நீளம், நிறுத்தி வைத்தால் தாடைக்கும் நெற்றிக்கும் இடையில் இருக்க வேண்டும். 173 சென்டிமீட்டர் உயரமுள்ள எனக்கு 166 சரியாக இருந்தது. அதற்காக, புத்தம் புதிதாகப் பழகுவோருக்கான மிக மென்மையான ஸ்கீக்குப் போய்விட வேண்டாம். வேகம் சற்றுக் கூடினாலே அது படபடக்கும், இறுகிய பனியில் வழுக்கும்.

இவை அனைத்தையும்விட முக்கியம் காலணி. அது பொருந்தாவிட்டால் எந்த ஸ்கீயும் சொன்னபடி கேட்காது. விழும்போது காலணியை விடுவிக்கும் 'பைண்டிங்'கை, எடை, உயரம், வயது, திறன், காலணி அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றைக் கேட்டுத் தொழில்நுட்பர் சரிசெய்து தருவார். 50 வயதானவருக்கு ஒரு படி தளர்வாக வைப்பது வழக்கம். ஆகவே அங்கே வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பைண்டிங் வந்தபின் காலெலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முட்டியின் தசைநார் கிழிவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. அந்தப் பொறுப்பு இன்னமும் நம்முடையதுதான்.

சென்ற ஜனவரியில் ஆறு நாளும் அந்த ஜோடியில்தான் சறுக்கினேன். நான்காம் நாள் ஒரு சிவப்புச் சரிவில் நிற்காமல் இறங்கி வந்தேன். "என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் மகள். மனைவி ஒன்றும் சொல்லாமல் என் முட்டியைப் பார்த்தார்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் அதே ஸ்கீயை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது எல்லா ஸ்கீயும் நல்லதாகவே தோன்றும். பிற்பகல் மூன்று மணிக்குக் கால் சோர்ந்து, பனியும் கிளறிக் கிடக்கும்போது ஒருமுறை இறங்குங்கள். அப்போதும் உங்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தால், காசைக் கொடுத்து வாங்கிவிடலாம்.