எம்.பி.க்கு ஒரு நோட்டு

“நம்ம எம்.பி. அந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்?” என்று கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் நான் சொல்ல வேண்டியிருக்கும் பதில், அப்படி ஒரு பதிவே இல்லை என்பதுதான். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஆனால் ஒரு எம்.பி.யைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையில் இறங்குகிறவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை இது. நாடாளுமன்றத்தில் மிகப் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள், எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத்தலைவர் அறிவிக்கிறார். யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்பது எந்த ஏட்டிலும் ஏறாது.

அந்த அறிவிப்பை ஏற்காமல் ஓர் உறுப்பினர் டிவிஷன் கேட்டால்தான் பெயர்வாரியான பதிவு கிடைக்கும். லாபியைக் காலி செய்யச் சொல்வார்கள், மணி அடிக்கும், மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள், உறுப்பினர்கள் பொத்தானை அழுத்துவார்கள். இதிலும் ஒரு வழி விட்டு வைத்திருக்கிறார்கள். மக்களவை நடைமுறை விதி 367-ன்படி, டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாகாது.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் டிவிஷன் கேட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். விவசாயிகள் ஓராண்டுக்கும் மேல் தில்லி எல்லையில் உட்கார்ந்து போராடிய சட்டங்கள் அவை. மாநிலங்களவையில் அவற்றை யார் யார் ஆதரித்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் என் நோட்டில் இல்லை. யாருடைய நோட்டிலும் இருக்க முடியாது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

டிவிஷன் நடந்தாலும் அவசரப்படக் கூடாது. பலகையில் தெரியும் எண் திருத்தத்துக்கு உட்பட்டது. ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகம் செய்தபோது முதலில் தெரிந்தது 220-க்கு 149. பொத்தான் வேலை செய்யாதவர்கள், மாற்றி அழுத்தியவர்கள் எல்லாரும் காகிதச் சீட்டில் எழுதிக் கொடுத்தபின் இரு பக்க எண்ணிக்கையும் ஏறியது. முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு “எங்கள் எம்.பி. ஓடி ஒளிந்தார்” என்று எழுதினால், சீட்டில் ஓட்டுப் போட்டவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது. திருத்திய பட்டியல் அவைக்குறிப்பில் வரும்வரை அந்த வரியைப் பென்சிலில்தான் எழுதி வைப்பேன்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. அந்த ஓட்டு எம்.பி.யின் முடிவா, கட்சியின் உத்தரவா? 1985-ல் 52-வது திருத்தத்தின் மூலம் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் நாம் நினைப்பதைவிட இறுக்கமானது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றாலும் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பலாம். அதனால் கட்சி வரிசையில் போட்ட ஓட்டை நான் கட்சியின் கணக்கில் எழுதுகிறேன். எம்.பி.யின் கணக்கில் எழுதுவது, அவராகத் தேர்ந்தெடுத்துச் செய்ததை மட்டும். இந்த ஒரு பிரிவினையைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்று புதிதாக யார் வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

வருகைப் பதிவேட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவு செய்தவர் நாள் முழுவதும் அவையில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை. அமைச்சர்கள் கையெழுத்துப் போடவே தேவையில்லை. பத்திரிகைகள் அச்சிடும் சதவீத அட்டவணையில் மேலே இருப்பவர் நல்ல எம்.பி. என்று நம்புகிற வாசகரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எம்.பி.யின் மனம் தெரிகிற இடம் கேள்விகள். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள். 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். அதனால் எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. இன்னொன்று, ஒரே பொருளில் பலர் கேட்டால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரே கேள்வியின் தலைப்பில் ஏழெட்டுப் பெயர்கள் நிற்கும். “500 கேள்வி கேட்ட எம்.பி.” என்று போஸ்டர் அடித்தால், அதில் தனியாகக் கேட்டவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். வேறு வேறு மாநிலத்து உறுப்பினர்கள் ஒரே வாசகத்தில் கேட்டிருந்தால், கேள்வியை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நல்ல கேள்வி எது என்பதற்கு ஓர் உதாரணம். காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு நெல்லின் ஈரப்பதம் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும், கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மாநில அரசு தளர்வு கேட்டு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், உத்தரவு வருவதற்குள் குவியலில் முளை கட்டிவிடும். இதைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கொள்முதல் செய்த நெல் எவ்வளவு என்று கேட்டால் ஓர் அட்டவணை வரும். தளர்வு கேட்ட கடிதம் கிடைத்த தேதி எது, குழு வந்த தேதி எது, உத்தரவு போட்ட தேதி எது, இடையில் எத்தனை நாள் என்று கேட்டால் அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் களத்தில் நின்றவர், அல்லது களத்தில் நின்றவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர். அப்படி ஒரு கேள்வி கண்ணில் படும் நாளில் கட்சி பார்க்காமல் சந்தோஷப்படுவேன்.

பதிலோடு வேலை முடியாது. “தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைப் பார்க்க அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒன்று இருக்கிறது. கேட்ட எம்.பி. அந்த வரியைப் பின்தொடர்ந்தாரா என்பதற்கு என் நோட்டில் தனிக் கட்டம் உண்டு. பல கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன.

பேச்சுகளைப் படிக்கும்போது உடுக்குறியைத் தவற விடாதீர்கள். சில உரைகளின் கீழே, இது மேசையில் வைக்கப்பட்டது என்று இருக்கும்; அதாவது பேசவில்லை, எழுதிக் கொடுத்தார். அதில் குற்றமில்லை, நேரம் கிடைக்காதவருக்கு அதுதான் வழி. ஆனால் பேசியதாக எழுதக் கூடாது. தமிழில் பேசிய உரை அவைக்குறிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாக இருந்தால் நான் வீடியோவைப் போட்டுக் கேட்டுவிடுவேன். சூடு, தயக்கம், யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவையும் விடக் கூடாது. 1970-க்குப் பிறகு அப்படி ஒரு மசோதாகூடச் சட்டமாகவில்லை என்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் ஓர் உறுப்பினர் தானாக எதைத் தூக்கிச் சுமந்தார் என்று கேட்டால் அதுதான் பதில்.

இனி சொத்துக் கணக்கு. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், படிவம் 26, சும்மா கிடைத்ததல்ல. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நாடாளுமன்றம் அதை மழுங்கடிக்கச் சட்டம் போட்டது, 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. அதனால் ஒவ்வொரு பத்திரத்தையும் மரியாதையோடு படிக்கிறேன். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை அருகருகே விரித்து சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு என்று வரிவரியாக ஒப்பிடுவேன். மொத்தத் தொகை மூன்று மடங்கானது என்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பழைய மனையின் விலை ஏறியிருக்கலாம். புதிதாக முளைத்த சர்வே எண், காணாமல் போன கடன், பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு, இவைதான் பேசும். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் துறை அமைச்சகத்திடம் இவர் கேட்ட கேள்விகளை எடுத்து வைப்பேன். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் ஒரு தொடர்பும் இருக்காது. இல்லை என்பதையும் எழுதி வைப்பேன். அது அவருக்குச் சேர வேண்டிய நற்சான்று.

ஆனால் இந்தப் பத்திரம் வேட்பாளரைப் பற்றியது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஜெயித்து உறுதிமொழி எடுத்தபின் 90 நாளுக்குள் சபாநாயகரிடம் தரும் சொத்துக் கணக்கைப் பார்க்கச் சபாநாயகரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களுக்குப் பதிவேடு இருக்கிறது: ஊதியம் பெறும் இயக்குநர் பதவி, கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அளவிலான பங்கு, ஆலோசனைக் கட்டணம் போன்றவை அதில் வரும். மக்களவையில் அப்படி ஒன்று இல்லை. ஒரு பிரச்சினையில் உறுப்பினருக்கு நேரடிப் பண லாபம் இருந்தால் அவர் ஓட்டை மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம் என்று விதி 371 சொல்கிறது. பதிவேடே இல்லாமல் அந்த லாபத்தை யார் கண்டுபிடித்து ஆட்சேபிப்பது?

எதையும் அச்சுக்கு அனுப்புமுன் எம்.பி. அலுவலகத்துக்கு நகல் அனுப்புவேன். வரும் விளக்கம் பக்கத்திலேயே போகும். கூடவே ஒவ்வொரு முறையும் ஒரு வேண்டுகோள் வைப்பேன்: மாநிலங்களவைப் படிவத்தில் இருக்கும் அதே தலைப்புகளில் உங்கள் விவரத்தை நீங்களே எழுதி, கையெழுத்திட்டு, தொகுதி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள், மாற்றம் வந்தால் புதுப்பியுங்கள். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. கொறடாவின் அனுமதியும் தேவையில்லை.