பாக்கி எவ்வளவு, குட்டி? - பல்லாவரம் சந்தையில் ஒரு கணக்கு வகுப்பு!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பீச் - தாம்பரம் ட்ரெயின் பிடிச்சு பல்லாவரத்தில் இறங்குங்க. பழைய டிரங்க் ரோட்டில் வாராவாரம் கூடும் சந்தை உங்களை அப்படியே உள்ளே இழுத்துக்கும். ரோஜாச் செடி, மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் பாகங்கள், பழைய நாற்காலி, காய்கறி... இங்கே கிடைக்காத பொருளைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்!

இந்தத் தடவை தனியா போகாதீங்க. ரெண்டாவது, மூணாவது படிக்கிற தம்பி, தங்கச்சி, அக்கா பையன்னு ஒரு வாண்டையும் கூட்டிட்டுப் போங்க. காசு எண்ணவும், பாக்கி வாங்கவும் கத்துக்க இதைவிட நல்ல கிளாஸ்ரூம் கிடையாது.

'அதான் ஸ்கூல்ல கழித்தல் கணக்கு சொல்லித் தர்றாங்களே'ங்கறீங்களா? நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்த்த 1,436 பசங்க, விலையையும் பாக்கியையும் மனசுக்குள்ளேயே சரியா போட்டாங்க. அதே மாதிரி கணக்கைப் பேப்பரில் கொடுத்தா திணறினாங்க. பள்ளிக்கூடப் பசங்க அப்படியே உல்டா! பேப்பர் கணக்கு வரும், சந்தைக் கணக்கில் தடுமாற்றம். ரெண்டுக்கும் நடுவில் பாலமே இல்லை.

நம்ம வீட்டு வாண்டுகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, அம்மா போனைக் காட்டினா பொருள் வருதுங்கறதுதான் அவங்க பார்க்கிற வியாபாரம். சில்லறை அவங்க கைக்கு வந்தாதானே எண்ணிப் பழக!

அந்தப் பாலத்தை நீங்க போடலாம். ஒரு 50, ஒரு 20, ஒரு 10, ரெண்டு 5, மூணு 2, நாலு 1 ரூபாய்... மொத்தம் நூறு ரூபாயை அவங்க கையில் கொடுத்துடுங்க. முதலில், 20 ரூபாயை எத்தனை விதமா தரலாம்னு விளையாடுங்க. நாணயம் நிறைய இருந்தா பணமும் நிறையன்னு நினைக்கிற குழப்பம் இதிலேயே தீர்ந்துடும்.

அடுத்தது பாக்கி. காய்கறி 34 ரூபாய், கொடுத்தது 50. இங்கே கழிக்கச் சொல்லாதீங்க, ஏறச் சொல்லுங்க. 34-லேருந்து ஒரு ரூபாய் வெச்சா 35. அஞ்சு வெச்சா 40. பத்து வெச்சா 50. கையில் வெச்ச 1, 5, 10... மொத்தம் 16 ரூபாய்தான் பாக்கி. கடன் வாங்கிக் கழிக்கிற தலைவலியே இல்லை!

கடைசியா கொஞ்சம் பெரிய பாடம். பில் 32 ரூபாய். அம்பது ரூபாயை நீட்டினா, "ரெண்டு ரூபா சில்லறை இருக்கா கண்ணு?"ன்னு கடைக்கார அக்கா கேட்பாங்க. வாண்டு முழிக்கும். '32-க்கு 50 கொடுத்த பிறகு, மேலே எதுக்கு ரெண்டு?' பதிலைச் சொல்லிடாதீங்க. 52 கொடுத்தா ஒரே ஒரு 20 ரூபாய் நோட்டு திரும்பி வரும். அதை அவங்களே கண்டுபிடிக்கட்டும். கூட்டம் குறைவான கடையா பார்த்து நில்லுங்க. அவங்க எண்ணும்போது நீங்க எண்ணாதீங்க.

திரும்பி வரும்போது ட்ரெயினில் ஒரு நோட்டை எடுத்து, '50 - 34' எழுதிக் காட்டுங்க. "இது அந்தக் காய்கறிக் கணக்குதானே?"ன்னு வாண்டு கேட்டுட்டா, பாலம் போட்டாச்சுன்னு அர்த்தம். ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கும்போது கவுன்ட்டர்ல காசை நீங்க நீட்டாதீங்க பாஸ், அதுவும் வாண்டு வேலைதான்!